அரசன் போன பிறகு: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,



மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் வகுப்பு நோட்டுகள் என் கைக்கும் வருகின்றன. புரட்சிகளின் காலம் பாடத்தை ஒழுங்காகத்தான் நடத்தியிருக்கிறீர்கள். பாஸ்டில் சிறை, 1789 ஜூலை 14. பதினாறாம் லூயி, 1793 ஜனவரி 21. பிறகு ரொபஸ்பியர், கில்லட்டின், நெப்போலியன். ஒரு தேதிகூடத் தப்பவில்லை. ஆனால் நெப்போலியன் வந்ததும் நோட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தில் தொழிற்புரட்சி. லூயியின் தம்பி 1814இல் திரும்பி வந்து அதே அரியணையில் உட்கார்ந்ததும், அவருக்குப் பின் இன்னொரு தம்பி உட்கார்ந்ததும், 1830இலும் 1848இலும் பாரிஸ் மக்கள் மறுபடி தெருவில் இறங்கியதும், நெப்போலியனின் அண்ணன் தம்பி வழியில் வந்த ஒருவர் மீண்டும் பேரரசர் ஆனதும், 1870இல்தான் குடியரசு நிலைத்ததும் அந்த நோட்டுகளில் இல்லை. அரசன் தலை விழ ஒரு காலைப் பொழுது போதுமாயிருந்தது. அரசாட்சி போவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

போர்ஷன் முடிக்கவேண்டிய அவசரம் எனக்குத் தெரியும். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் உங்கள் தலையில்தான் விழுகின்றன. கூடுதலாக ஒரு பாடம் நடத்தச் சொல்லி நான் எழுதவில்லை. இருக்கிற பாடத்தை நம் ஊரை வைத்து நடத்தலாம், அப்போது பிள்ளைகளுக்கு அது கதையாக இல்லாமல் கணக்காகப் புரியும் என்றுதான் சொல்ல வருகிறேன். கணக்கு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஒரு அரசாட்சி எப்படி விழுகிறது என்பதைவிட, விழுந்த பிறகு நிலம் யாரிடம் போனது, கடனை யார் தீர்த்தார்கள் என்பதுதான் புரட்சியைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறது.

கடனிலிருந்தே தொடங்குவோம். பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்டால் பிள்ளைகள் ரொட்டி விலை, ராணியின் ஆடம்பரம், ரூசோ என்று அடுக்குகிறார்கள். கடன் அரை வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. அமெரிக்கக் குடியேறிகளுக்குத் துணையாக இங்கிலாந்தோடு மோதியதில்தான் பிரான்ஸ் கழுத்தளவு கடன்பட்டது. அந்தப் போர் நம் கரையிலும் நடந்தது. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் சூஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சண்டையிட்டன. இன்று கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிற ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கமாகத்தான் போகிறது. அந்தக் கப்பல்களுக்கு ஆன செலவும் சேர்ந்த கடன்தான், 1789 மே 5 அன்று எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டும் நிலைக்கு லூயியைத் தள்ளியது.

அதே ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் இன்னொரு அரசர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். ஆர்க்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 1768இல் அவருக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பார்த்தது அரண்மனை என்று தெரியாமலே. எழிலகத்துக்குப் பக்கத்தில், அரசு அலுவலகங்களுக்கு நடுவே, சிவப்பாக நிற்கிறது. 2012 ஜனவரியில் தீப்பிடித்துப் பின்னர் பழுதுபார்க்கப்பட்ட கட்டடம். வாலாஜா கடன் வாங்கியது கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியர்களிடமே. சம்பளத்துக்கு வந்தவர்கள் நவாபுக்கு வட்டிக்கு விட்டார்கள். வட்டிக்கு ஈடாக அவர் ஜில்லா ஜில்லாவாக நிலவரியை எழுதிக்கொடுத்தார். வரி தண்ட வந்தது கடன் கொடுத்தவர்களின் ஆள். தரவேண்டியவன் செங்கல்பட்டிலும் ஆர்க்காட்டிலும் ஏர் பிடித்தவன்.

இந்தக் கடன் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் எழுந்து, இது பொய்க் கடன், இதைத் தீர்க்கச் சொல்வது ஆர்க்காட்டு உழவர்களைக் கொள்ளையடிப்பது என்று மணிக்கணக்கில் முழங்கினார். ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1790இல், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து உலகம் முழுக்கப் படிக்கப்படும் நூலை எழுதியவரும் இதே பர்க்தான். ஆர்க்காட்டு உழவனுக்காகப் பேசியவர் பிரெஞ்சு உழவனுக்கு எதிராக எப்படித் திரும்பினார் என்று பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். என் கணிப்பில் அவர் திரும்பவே இல்லை. பழைய ஒழுங்கைக் காசு வெறி பிடித்த புதுப் பணக்காரர்கள் சிதைக்கிறார்கள் என்பதுதான் இரண்டு இடத்திலும் அவர் கோபம். உழவன் அவர் பேச்சில் சாட்சி, கட்சிக்காரன் ஆகவில்லை.

இனி 1793. லூயியின் தலை விழுந்ததும் இங்கிலாந்தில் பெரிய துக்கம். அரசனைக் கொன்ற கூட்டம் என்று பிரான்ஸை ஏசினார்கள். போர் வந்தது, ஆகஸ்டில் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். சரி. அப்படி அரசர்கள்மேல் பக்தி கொண்ட ஆங்கிலேயர் நம் பக்கத்தில் என்ன செய்தார்கள்? 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் திப்புவைக் கொன்றார்கள். அதே ஆண்டு தஞ்சை ஆட்சியைச் சரபோஜியிடமிருந்து எழுதி வாங்கினார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களை. பாரிஸில் மக்கள் ஓர் அரசனைக் கொன்றதற்குக் கண்ணீர் விட்டவர்கள், மூன்றாண்டுக்குள் தென்னாட்டின் ஆட்சிகளை வரிசையாக முடித்துவைத்தார்கள்.

திப்பு பிரெஞ்சுப் புரட்சியாளர்களின் கழகத்தில் சேர்ந்து 'குடிமகன்' ஆனார் என்ற கதையை நீங்களும் வகுப்பில் சொல்லியிருக்கலாம். அந்த ஆவணத்தை அப்படியே நம்பத் தயங்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஐயமில்லாதது வேறு. 1788இல் திப்புவின் தூதர்கள் வெர்சாய் போய் லூயியைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டது படை உதவி, அது கிடைக்கவில்லை. தன் வீட்டுக் கடனைக் கட்ட வழியில்லாத அரசனிடம் போய்ப் படை கேட்டிருக்கிறார்கள்.

சேப்பாக்கத்தில் நடந்ததை இன்னும் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். 1801 ஜூலை 15 அன்று வாலாஜாவின் மகன் உம்தத்துல் உமரா அந்த அரண்மனையிலேயே இறந்தார். சாகும் தறுவாயிலேயே கும்பெனிப் படை அரண்மனையைச் சூழ்ந்திருந்தது. சீரங்கப்பட்டணத்தில் எடுத்த கடிதங்களில் வாலாஜாவும் மகனும் திப்புவோடு உறவாடியது தெரிகிறது என்பது குற்றச்சாட்டு. ஆட்சியை எழுதிக்கொடு என்று இறந்தவரின் மகன் அலி உசேனைக் கேட்டார்கள். மறுத்தார். உடனே உம்தத்துல் உமராவின் அண்ணன் தம்பி மக்களில் ஒருவரான அஸீம் உத் தௌலாவைத் தேடி எடுத்து, நீ கையெழுத்துப் போட்டால் நீதான் நவாப் என்றார்கள். ஜூலை 31 அன்று ஒப்பந்தம் ஆனது. நாடு கும்பெனிக்கு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. இன்றைய தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஆங்கில ஆட்சிக்குள் போனது பதினாறே நாளில், ஒரு பேனாவினால்.

1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் அந்தப் பட்டமும் ஒழிந்தது. அரண்மனை அரசின் கைக்குப் போனது. ஆனால் 1867இல் விக்டோரியா அரசியின் ஆட்சி, குடும்பத்தின் மூத்தவரான அஸீம் ஜாவுக்கு ஆர்க்காட்டு இளவரசர் என்று ஒரு புதிய பட்டம் தந்தது. ராயப்பேட்டை அமீர் மகாலில் வாழும் குடும்பத்தின் பட்டம் அதுதான். இந்தியாவின் மற்ற அரசர்களின் பட்டங்களை நீக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதைத் தொடவில்லை. காரணம், இது ஆண்ட அரசருக்குரிய பட்டம் அன்று; ஆட்சி போன பிறகு கிடைத்த பட்டம். நாட்டோடு இருந்த பட்டங்கள் போயின, நாடில்லாத பட்டம் நின்றது.

இங்கே ஓர் இடைச்செருகல். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதனால் விட மனமில்லை. ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியபோது இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் அரசர். 1649 ஜனவரி 30 அன்று அவர் தலையைப் பாராளுமன்றம் வெட்டியது. 1660இல் மகன் இரண்டாம் சார்ல்ஸ் திரும்ப வந்தார். 1665இல் கோட்டையின் புதிய தலைவர் ஃபாக்ஸ்கிராஃப்ட் அரசருக்கு எதிராகப் பேசினார் என்று குற்றம்சாட்டி, பதவியிழந்த பழைய தலைவர் எட்வர்ட் விண்டர் அவரைச் சிறைபிடித்துவிட்டார். கைகலப்பில் ஒருவர் இறந்தார். கடல் கடந்து ஆணை வந்து ஃபாக்ஸ்கிராஃப்ட் வெளியே வர 1668 ஆயிற்று. அரசபக்தியைக் காரணம் காட்டிப் பழைய அதிகாரி நாற்காலியைப் பிடித்த கதை. இங்கிலாந்துப் புரட்சியின் வால் நம் ஊர்வரை நீண்டிருந்தது.

கணக்குக்குத் திரும்புவோம். 1789 ஆகஸ்ட் 4 இரவில் பிரான்ஸின் தேசிய சபை நிலப்பிரபுத்துவத்தை ஒழித்தது என்று பாடநூல் சொல்கிறது. அடுத்த ஆண்டே போட்ட ஆணை என்ன சொன்னது தெரியுமா? நிலத்தின்மேல் இருந்த பிரபுவின் பாத்தியதைகளை விலை கொடுத்துத்தான் மீட்கவேண்டும். பணமாகக் கட்டிவந்தால் ஆண்டுத் தொகையைப் போல இருபது மடங்கு, தானியமாக அளந்துவந்தால் இருபத்தைந்து மடங்கு. கட்டவேண்டியவன் குடியானவன்! அவன் கட்ட மறுத்தான், கலகம் செய்தான், 1793 ஜூலையில்தான் இழப்பீடே இல்லாமல் எல்லாம் ரத்தாயிற்று. திருச்சபையின் நிலங்களை ஏலம் விட்டார்கள். எடுத்தவர்கள் கையில் காசிருந்த நகரத்தாரும் வசதியான குடியானவர்களும். நிலமற்ற கூலிக்காரன் ஏலத்தை வேடிக்கை பார்த்தான். பிறகு 1825இல் பத்தாம் சார்ல்ஸ், நாட்டைவிட்டு ஓடி நிலம் இழந்த பிரபுக்களுக்கு நூறு கோடி ஃபிராங்க் அளவுக்கு இழப்பீடு தரச் சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டில் போர்க்கப்பல்களை அனுப்பி, அடிமைத்தளையை அறுத்துக்கொண்ட ஹெய்ட்டி மக்களிடம் பழைய எஜமானர்களுக்காகப் பதினைந்து கோடி ஃபிராங்க் கேட்டார். புரட்சிக்குப் பின்விளைவு என்று ஒரு தலைப்பு போட்டால் அதன்கீழ் முதலில் எழுதவேண்டியது இதுதான்.

நம் மாகாணத்தில்? 1802இல் கும்பெனி நிலையான வரித்திட்டம் கொண்டுவந்தது. அடங்கிப்போன பாளையக்காரர்களுக்கும் சேதுபதி போன்ற பழைய ஆட்சிக் குடும்பங்களுக்கும் ஜமீன் உரிமைப் பத்திரமான சன்னது கொடுத்தது. வாளை வாங்கிக்கொண்டு வரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். பேஷ்குஷ் என்ற ஆண்டுக் கப்பத்தை மட்டும் தவறாமல் கட்டினால் போதும், குடிகளிடம் எவ்வளவு தண்டினாலும் பெரும்பாலும் கேள்வி இல்லை. ஒன்றரை நூற்றாண்டு அப்படி ஓடியது. அந்த ஜமீன்களின் வாரிசு வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயின, மயிலாப்பூர் வக்கீல்களின் பெரிய பங்களாக்களில் அந்த வழக்குகளின் ஃபீஸும் சுவராக நிற்கிறது.

1937இல் ராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறையை வைத்திருந்த பிரகாசம் தலைமையில் ஒரு குழு ஜமீன் நிலங்களை ஆராய்ந்தது. நிலம் குடியானவனுடையது என்றது. அமைச்சரவை விலகியதால் அது கிடப்பில் போனது. விடுதலைக்குப் பின் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டமாக எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஜமீன் போனது, பட்டாதாரர் நேரே அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி வந்தது. இதிலும் இழப்பீடு உண்டு. ஆனால் பிரான்ஸைப் போல் குடியானவன் தலையில் வைக்காமல் அரசே கொடுத்தது. சிறு எஸ்டேட்டுக்கு ஆண்டு அடிப்படைத் தொகையைப் போல முப்பது மடங்கு, போகப் போகக் குறைந்து, மிகப் பெரியதற்குப் பன்னிரண்டரை மடங்கு. கொழுத்தவனுக்குக் குறைவாக என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு துளி ரத்தமில்லாமல் ஆகஸ்ட் 4 இரவைவிட நேர்மையான ஒரு காரியம் கோட்டையில் நடந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

அதற்காகப் பெருமை பேசி நிறுத்திவிடவும் கூடாது. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு அதே சட்டத்தில் அவருக்கே பட்டா. ரயத்து என்று பதிவானவருக்குப் பட்டா. அந்த ரயத்துக்குக் கீழே குத்தகைக்கு உழுதவருக்கும், பண்ணையாளாக இருந்தவருக்கும் இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் மழுப்பாமல் சொல்லுங்கள்.

தியாகராய நகர் ஆசிரியர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பனகல் பூங்கா உங்கள் வாசலிலேயே இருக்கிறது. பனகல் அரசர் ராமராயநிங்கார் காளஹஸ்தி ஜமீன் குடும்பத்தவர், 1921 முதல் 1926 வரை மாகாண முதல்வர். அரசுப் பணிகளில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்கு என்ற முதல் வகுப்புவாரி ஆணை 1921இல் அவர் ஆட்சியில் வந்தது. சமத்துவத்தின் ஒரு பெரிய அடியை எடுத்துவைத்தவர் பெயருக்குப் பின்னால் அரசர் என்ற பட்டம். புரட்சி என்றால் ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் ஜனம் என்று நேர்க்கோடு போட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது நல்ல குழப்பம்.

அவருக்குப் பின் சில ஆண்டுகளில் அவருடைய நீதிக்கட்சியின் பொப்பிலி ராஜா முதல்வரானார். 1937 தேர்தலில் பொப்பிலியிலேயே அவரைத் தோற்கடித்தவர் வி.வி. கிரி. இந்தக் கிரியின் வாழ்க்கை ஒன்றே ஒரு பாடம். 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தவர். 1916 ஈஸ்டர் வாரத்தில் அதே நகரில் பிரிட்டிஷ் முடியை உதறி அயர்லாந்துக் குடியரசை அறிவித்தார்கள். எழுச்சி நசுக்கப்பட்டது, அயர்லாந்துப் போராளிகளோடு தொடர்புள்ளவர் என்ற சந்தேகத்தில் கிரியை வெளியேறச் சொன்னார்கள். ஐரோப்பிய முடியரசு எதிர்ப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்தவர், இருபது ஆண்டு கழித்து வாக்குச்சீட்டால் ஒரு ராஜாவை வீழ்த்தினார். பிறகு குடியரசுத் தலைவர் ஆனார்.

அந்த நாற்காலியில் அவர் இருக்கும்போதுதான் மன்னர் மானியப் பிரச்சினை வெடித்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது, ஆண்டுதோறும் மானியம் தருவோம் என்று அரசர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள். புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இணைந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த வாக்கு அரசியலமைப்பின் 291ஆவது பிரிவாயிற்று. போரில்லாமல் நாடு ஒன்றானதற்கு இது மலிவான விலை என்பது படேலின் வாதம். அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் லஸ் சர்ச் ரோட்டில் வாழ்ந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் இருந்தார், இன்று ஆழ்வார்ப்பேட்டைச் சாலைக்குப் பெயராக இருக்கும் டி.டி.கே. இருந்தார்.

மானியத்தை ஒழிக்கவேண்டும் என்று 1967இல் காங்கிரஸ் கமிட்டி தீர்மானித்தபோது கட்சித் தலைவர் காமராஜர். கொடுத்த வாக்கை மீறுவது அரசுக்கு அழகல்ல என்று எதிர்த்தவர் ராஜாஜி. ஒருவர் வீடு திருமலைப்பிள்ளை ரோட்டில், மற்றவர் வீடு பஸ்லுல்லா ரோட்டில். பிரான்ஸில் கில்லட்டினால் தீர்ந்த வாதத்தை, தி.நகரில் இரண்டு முதியவர்கள் நடந்துபோகும் தூரத்தில் இருந்துகொண்டு சொல்லால் நடத்தியிருக்கிறார்கள்.

1970 செப்டம்பரில் மசோதா மக்களவையில் வென்றது. மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு வேண்டியதில் ஒரு ஓட்டின் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அரை ஓட்டுகூட இல்லை! உடனே கிரி கையெழுத்திட்ட ஆணையால் அரசர்களின் அங்கீகாரத்தை நீக்கினார்கள். டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், இப்படி ஆணையால் செய்ய அதிகாரம் இல்லை என்று அதை ரத்துசெய்தது. அடுத்த ஆண்டு பெரிய பெரும்பான்மையோடு திரும்பிவந்த இந்திரா காந்தி அரசு, 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தத்தின் மூலம் மானியத்தை முடித்தது. ராஜாஜியின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு குடியரசு, பிறந்த வீட்டுக்காகத் தன் பிரஜை ஒருவருக்கு வரியில்லாமல் பணம் கொடுத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்காதீர்கள். தோற்ற அரசர்களுக்கும் வழக்குப் போட்டு வெல்ல ஓர் இடம் இருந்தது. 1793 பாரிஸில் யாருக்கும் அது இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ரொபஸ்பியருக்கே இருக்கவில்லை.

கடைசியாக ஒரே வேண்டுகோள். பாடம் முடிந்ததும் நீங்கள் வைக்கும் வகுப்புத் தேர்வில், பிரெஞ்சுப் புரட்சியின் விளைவுகளை விவரி என்ற கேள்வியை இந்த ஆண்டு எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: 1793க்குப் பின் பிரான்ஸிலும், 1948க்குப் பின் சென்னை மாகாணத்திலும், நிலம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? ஐந்து மதிப்பெண் போடுங்கள். தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சேப்பாக்கத்தில் இறங்குங்கள், அரண்மனையை வெளியே நின்றாவது காட்டுங்கள். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து, உங்கள் மாணவர்களின் மாலை நேர ஆசிரியர்